வடச்சட்டி எண்ணெயில் வண்டி ஓடுமா?

ஓடும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெயைக் கசடு போக வடிகட்டி, பழைய டீசல் வண்டியின் டேங்கில் ஊற்றிச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடிக்கும், வண்டி நகரும், பின்னால் வருகிறவருக்குப் பலகாரக்கடை வாசனைகூட அடிக்கும்.

காங்கேயம் பக்கம் என் மாமா ஒருவர் இதைச் செய்தே காட்டினார். கல்யாண வீடுகளுக்குச் சமையல் எடுத்துச் செய்பவர். பாத்திரம் ஏற்ற ஒரு பழைய மெட்டடார் வேன் வைத்திருந்தார். ஒவ்வொரு விசேஷம் முடிந்ததும் இரண்டு மூன்று டின் பொரித்த எண்ணெய் மிஞ்சும். "இதையேன் கண்ணு சோப்புக்காரனுக்கு வந்த வெலைக்குக் குடுக்கோணும்?" என்று சொல்லிவிட்டு, பழைய வேட்டியில் வடித்து, டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். ஆவணியில் ஆரம்பித்தது. கார்த்திகை வரை ஒரு குறையும் இல்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது, வண்டி ஒரு மாதம் கொட்டகையில் சும்மா நின்றது. தை முதல் முகூர்த்தத்துக்கு விடிகாலை மூன்று மணிக்குப் பாத்திரம் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அன்றைக்குப் பாத்திரம் போனது பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில்.

பிறகு கோயம்புத்தூரில் ஒரு டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கழற்றிப் பார்த்தார்கள். எரிபொருளைப் பீய்ச்சும் நாசிலின் முனையில் கரி காளான் மாதிரி பூத்திருந்தது. பம்புக்குள் எரிபொருளைத் தள்ளுகிற எலிமெண்ட் (பிளஞ்சரும் அதன் உறையும்) பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. மாமா விடாமல், நன்றாக வடிகட்டித்தான் ஊற்றினேன் என்றார். மெக்கானிக் சிரிக்காமல் பதில் சொன்னார்: "வேட்டில நின்னதெல்லாம் சரிங்க. வேட்டில நிக்காதது எத்தனையோ இருக்குதுங்களே."

நிற்காதது என்ன என்று அப்புறம்தான் நான் தேடிப் படித்தேன்.

டீசல் இன்ஜினுக்கும் சமையல் எண்ணெய்க்கும் உறவு பழையது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த சிறிய டீசல் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டு நடந்த சோதனை அது. ஆப்பிரிக்கக் காலனிகளில் நிலக்கடலை ஏராளமாக விளைந்தது. எரிபொருளை அங்கேயே ஆட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார்கள். இன்ஜின் எதில் ஓடுகிறது என்று பார்வையாளர்களில் மிகச் சிலருக்கே தெரிந்திருந்ததாக, டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே 1912ல் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் ஆகஸ்ட் 10ஐ உலக உயிரி எரிபொருள் நாளாகக் கொண்டாடும்போது, 1893ல் இதே நாளில் டீசல் தன் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டினார் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது பிசகு. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில் 1893ல் ஓடிய சோதனை இன்ஜினுக்கும் கடலை எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. கடலை எண்ணெய் வந்தது ஏழு வருடம் கழித்து, பாரிசில்.

பாரிசில் ஊற்றியதும் புது எண்ணெய். நாம் பேசுவது வாழைக்காயும் உளுந்தும் மிளகாய்ப்பொடியும் பார்த்துப் பலமுறை காய்ந்த எண்ணெயை. அதனால் வடிகட்டுவதிலிருந்தே தொடங்க வேண்டும்.

அவசரப்பட்டு வடிகட்டுகிறவர்தான் அதிகம் கஷ்டப்படுவார். முதல் வேலை எண்ணெயைத் தெளியவிடுவது. டிரம்மில் ஊற்றி ஒரு வாரம், பத்து நாள் அசைக்காமல் வைத்தால் மாவுத்துகளும் கருகலும் தண்ணீரும் தாமாகவே அடியில் இறங்கும். எண்ணெயின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவு, சுமார் 0.92. வித்தியாசம் சிறியது என்பதால் நேரம் எடுக்கும். எண்ணெய் சூடாக இருந்தால் இளகி, கசடு சீக்கிரம் இறங்கும். கறுப்பு டிரம்மைச் சித்திரை வெயிலில் வைத்தால் அடுப்பே வேண்டியதில்லை. டிரம்மின் குழாய் அடியில் இல்லாமல் நான்கு விரல் மேலே இருக்க வேண்டும். அடியில் நிற்கிற மண்டியை ஆசைப்பட்டுச் சேர்த்து எடுத்தால் பத்து நாள் காத்திருந்தது வீண்.

அடுத்தது துணி. திருப்பூர் பக்கம் பனியன் வேஸ்ட் மலிவு, கைக்கு எட்டுவதும் அதுதான். ஆனால் அது பின்னல் துணி. இழுத்தால் கண் விரியும், பஞ்சும் உதிரும். கிரீஸ் கை துடைக்கத்தான் லாயக்கு. சோமனூர், பல்லடம் தறிகளில் ஓடுகிற காடாத் துணி நெசவுத் துணி. இரண்டாக மடித்துக் கட்டினால் நன்றாகவே பிடிக்கும். இருந்தாலும் துணி பிடிப்பது ஏறக்குறைய கண்ணுக்குத் தெரிகிற அளவைத்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இன்ஜெக்‌ஷன் பம்பில் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளியோ இரண்டு மூன்று மைக்ரான்தான். வேட்டியைத் தாண்டிய துகள் அங்கே போய் உரசும். அதனால் இதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் துணியோடு நிற்பதில்லை. ஆலைகளில் புழங்கும் ஃபெல்ட் ஃபில்டர் பைகளை வாங்கி, பெரிய கண்ணில் தொடங்கி 5 மைக்ரான், 1 மைக்ரான் வரை ஒன்றன்பின் ஒன்றாக வடிப்பார்கள். ஆறிய எண்ணெய் அந்தப் பைக்குள் இறங்கவே இறங்காது. வெதுவெதுப்பாக ஊற்ற வேண்டும்.

தண்ணீர்தான் இதில் பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாது, ஃபில்டரிலும் நிற்காது, பம்பின் உட்பகுதியைத் துருப்பிடிக்க வைக்கும். இதற்கான சோதனை நம் சமையல்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததே. வடச்சட்டியை நன்றாகக் காய வைத்து ஒரு கரண்டி எண்ணெயை விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. 60 டிகிரி வரை சூடாக்கித் திரும்பவும் தெளியவிட்டு, அடியில் இறங்கியதை வடித்துவிட வேண்டும். ஒரேயடியாகக் கொதிக்க வைத்து விரட்டலாம் என்று நினைப்பது ஆபத்து. அடியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கொதிக்கிற எண்ணெயை மேலே வாரி இறைக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காற்றோடு வினைபுரிந்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை அவை. விரித்துக் காயப்போட வேண்டும்.

இவ்வளவும் செய்தால் எண்ணெய் தேன் நிறத்தில் கண்ணாடி போல நிற்கும். மாமாவின் எண்ணெயும் பார்க்க ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

இனி வேட்டியில் நிற்காததற்கு வருவோம். முதலில் கெட்டித்தன்மை. 40 டிகிரி சூட்டில் டீசலைவிடச் சமையல் எண்ணெய் சுமார் பத்து மடங்கு கெட்டி. பலமுறை காய்ந்தது இன்னும் அதிகம். டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சூடான, அழுத்தப்பட்ட காற்றுக்குள் எரிபொருளைப் பனிமூட்டம் போலப் பீய்ச்சினால்தான் அது தானாகப் பற்றும். எண்ணெய் கெட்டியாக இருந்தால் மூட்டம் வராது, துளித்துளியாகக் குத்தும். துளியின் உள்பக்கம் முழுதாக எரியாமல் நாசில் முனையிலும் பிஸ்டன் தலையிலும் ரிங் காடியிலும் கரியாகப் படியும். எரியாமல் தப்பியது ரிங்கைத் தாண்டி இன்ஜின் ஆயிலில் இறங்கும். அங்கே அது சும்மா கலந்திருப்பதில்லை. சூட்டில் கோந்தாகி, முற்றினால் ஆயிலை அல்வா பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆயில் ஓடாத இன்ஜின் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொரிக்கும்போது நடக்கும் மாற்றம் இன்னொன்று. பண்டத்திலிருந்து வரும் தண்ணீர் எண்ணெய் மூலக்கூற்றை உடைத்துக் கொழுப்பமிலங்களைப் பிரித்துவிடும். அமிலம் செம்பையும் பித்தளையையும் மெல்ல அரிக்கும். மறுபக்கம், சூட்டிலும் காற்றிலும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. வடச்சட்டியின் வெளி விளிம்பில் எத்தனை தேய்த்தாலும் போகாத பிசுக்குப் பூச்சு இருக்கிறதே, அது இப்படி உண்டானதுதான். பம்புக்குள் ஒரு மாதம் நின்ற எண்ணெயில் அதே பூச்சு ஆரம்பித்திருந்தது. இவை எண்ணெயில் கரைந்து கிடப்பவை. எத்தனை மைக்ரான் பை போட்டாலும் கரைந்ததைப் பிடிக்க முடியாது.

குளிர் வேறு. மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்காத வீடு இந்தப் பக்கம் உண்டா? அது 24 டிகிரியிலேயே உறையும். கடைகளில் அதிகம் புழங்கும் பாமாயிலும் குளிரில் கலங்கிக் குருணை கட்டும். கலங்கிய எண்ணெய் முதலில் அடைப்பது வண்டியின் டீசல் ஃபில்டரைத்தான். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறுகிற வண்டியில் இந்த விளையாட்டே வேண்டாம்.

அப்படியென்றால் இதில் ஓடிய வண்டிகள் எப்படி ஓடின? இன்ஜின் ரகத்தைப் பொறுத்து. கொங்கு நாட்டுக் கிணற்று மேடுகளில் ஒரு காலத்தில் டுக்கு டுக்கு என்று ஓடிய ஆயில் இன்ஜின்கள் மெதுவாகச் சுற்றுபவை. ஒற்றை சிலிண்டர், கனத்த ஃபிளைவீல், சாதாரண பம்ப். எரிய நேரம் நிறையக் கிடைக்கும். கரி படிந்தாலும் தோட்டத்திலேயே ஹெட்டைக் கழற்றிச் சுரண்டிவிட்டு மாட்டலாம். மாமாவின் மெட்டடாரில் இருந்தது மெர்சிடிஸ் வடிவமைத்த ஓ.எம். 616 இன்ஜின். அதில் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் போகாது. மேலே உள்ள ஒரு சின்ன அறைக்குள் பீய்ச்சப்பட்டு அங்கே பற்றிக்கொண்டு கீழே பாயும். இந்த ரகம் கெட்டி எண்ணெயைக் கொஞ்சம் பொறுத்துப்போகும். உலகம் முழுவதும் சமையல் எண்ணெயில் வண்டி ஓட்டிக் காட்டியவர்களில் பலர் பழைய மெர்சிடிஸ் டீசல் கார்களைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

அவர்களும் மாமா மாதிரி டேங்கில் கலந்து ஊற்றிவிட்டு முருகன் மேல் பாரத்தைப் போடவில்லை. இரண்டு டேங்க் வைத்தார்கள். டீசலில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் தண்ணீர் சூடானதும் அந்தச் சூட்டையே எண்ணெய் டேங்குக்கும் குழாய்க்கும் கொண்டுபோய், எண்ணெய் 70, 80 டிகிரி வந்த பிறகு வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாறினார்கள். அந்தச் சூட்டில்கூட எண்ணெய் டீசலைவிட மூன்று நான்கு மடங்கு கெட்டிதான், ஆனால் ஓட்டலாம். வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடி டீசலுக்கு மாறி, பம்பையும் நாசிலையும் டீசலால் அலசிவிட்டுத்தான் அணைக்க வேண்டும். மாமா வண்டியில் நடக்காமல் போனது இந்தக் கடைசி வேலை. ஈரோட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் நாள் தவறாமல் ஓடுகிற வண்டிக்கு இரட்டை டேங்க் பொருந்தும். ஊருக்குள் பத்துப் பத்து நிமிடமாக நின்று நின்று ஓடுகிற வண்டிக்கு எண்ணெய் சூடாவதற்குள் வேலையே முடிந்துவிடும்.

புது வண்டிக்காரர்கள் இந்தப் பத்தியை மட்டும் படித்துவிட்டு ஆசையை விட்டுவிடலாம். புது டீசல் வண்டிகளில் உள்ள காமன் ரெயில் இன்ஜின்களில் எரிபொருளைப் பீய்ச்சும் அழுத்தம் 1,600 பார் (காற்றழுத்தத்தைப்போல் சுமார் 1,600 மடங்கு), அதற்கும் மேல். இன்ஜெக்டர் துளைகள் மிக நுணுக்கம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரும் சேர்ந்திருக்கிறது. அந்த ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க, பல இன்ஜின்கள் கொஞ்சம் எரிபொருளைக் காலம் தாழ்த்தி சிலிண்டருக்குள் பீய்ச்சும். டீசலாக இருந்தால் ஆவியாகிப் போய்விடும். சமையல் எண்ணெய் ஆவியாகாது, சிலிண்டர் சுவரில் வழிந்து நேராக இன்ஜின் ஆயிலில் சேரும். ஒரு செட் இன்ஜெக்டர் மாற்றுகிற செலவில் பல வருடத்துக்கு டீசலில் மிச்சம் பிடித்த காசு போய்விடும். சட்டமும் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் இரண்டாவது டேங்கைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கு ஏற்றபடி வண்டியை மாற்றாமல், வண்டிக்கு ஏற்றபடி எண்ணெயை மாற்றுவது இன்னொரு வழி. பயோடீசல் என்பது அதுதான். எண்ணெய் மூலக்கூறு ஒரு கிளிசரின் தலையும் மூன்று கொழுப்பமில வால்களும் கொண்டது. மெத்தனாலோடு கொஞ்சம் காஸ்டிக் சோடாவோ காஸ்டிக் பொட்டாஷோ சேர்த்து 60 டிகிரிக்குள் கலக்கினால் தலை கழன்று கிளிசரின் அடியில் இறங்கும். வால்கள் மெத்தனாலோடு சேர்ந்து மேலே மிதக்கும். அதைக் கழுவி ஈரம் போக்கினால் டீசலுக்குப் பக்கத்தில் வருகிற இளக்கம் உள்ள எரிபொருள் கையில் இருக்கும். பெல்ஜியத்தில் ஷவான் என்பவர் 1937லேயே பாமாயிலில் இப்படிச் செய்து காப்புரிமை வாங்கினார். அங்கே மெத்தனாலுக்குப் பதில் எத்தனால். அடுத்த வருடம் பிரசல்ஸுக்கும் லூவனுக்கும் இடையே ஒரு பஸ் அதில் ஓடியது. பொரித்த எண்ணெயில் ஒரு சிக்கல் உண்டு. முன்னே சொன்ன கொழுப்பமிலம் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து சோப்பாகிவிடும். அதனால் ஒவ்வொரு டிரம் எண்ணெயிலும் அமிலம் எவ்வளவு என்று சோதித்து, சோடாவின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்கலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். மெத்தனால் 65 டிகிரிக்குள் கொதித்துவிடும், அதன் ஆவி எளிதில் பற்றும், உடம்புக்குள் போனால் கண்ணையும் உயிரையும் எடுக்கும். 2023ல் மரக்காணத்திலும் 2024ல் கள்ளக்குறிச்சியிலும் அத்தனை பேரைக் கொன்றது இதே மெத்தனால்தான். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் அதை வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது, முடியவும் கூடாது. ஆகவே இது ஆலை வேலை.

ஆலைக்கு எண்ணெய் போகிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் ஒரு வரம்பு வைத்தது. எண்ணெயில் துருவச் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருட்கள் மொத்தம் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பலகாரம் சுடக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரூகோ என்ற திட்டம் வந்தது: பொரித்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்குவது. 2019 மார்ச் முதல், நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் கடைகள் கணக்கு எழுதி, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் எண்ணெய் நிறுவனங்கள் இந்தப் பயோடீசலை முதல் வருடம் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தன.

50 லிட்டர் என்ற கோடு எங்கே விழுகிறது பாருங்கள். பெரிய ஓட்டல், சிப்ஸ் போடும் ஆலை, ஃபேக்டரி கேன்டீன் எல்லாம் அதற்குள் வரும். காந்திபுரத்திலும் ஈரோடு பஸ் ஸ்டாண்டிலும் மாலையில் தள்ளுவண்டி போடுகிறவர் வரமாட்டார். அவர் எண்ணெயை மாற்றுவதும் இல்லை. குறையக் குறையப் புதிதை ஊற்றிக்கொண்டே போவார். அதைவிடப் பெரிய கோளாறு, பெரிய கடையில் கழித்த எண்ணெய் மலிவு விலையில் சின்னக் கடைக்கு இறங்குவது. ரூகோ வந்ததன் முதல் காரணம் எரிபொருள் அல்ல, இந்த இறக்கத்தை நிறுத்துவதுதான். என் கணிப்பில் அந்த நோக்கம் ஒன்றே போதும், டீசல் கிடைப்பது மேல்வரும்படி.

ஏன் மேல்வரும்படி என்கிறேன்? அப்போது பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாட்டில் வருடத்துக்கு 2,700 கோடி லிட்டர் சமையல் எண்ணெய் செலவானது. மொத்தமாகப் புழங்குகிற இடங்களிலிருந்து 140 கோடி லிட்டர் கழிவெண்ணெயைத் திரட்டலாம். அதிலிருந்து 110 கோடி லிட்டர் பயோடீசல் வரும். டீசல் செலவோ மாதத்துக்கு 850 கோடி லிட்டர். வகுத்துப் பார்த்தால், வருடம் முழுக்கத் திரட்டிய எண்ணெய் நான்கு நாள் டீசலுக்குச் சமம். சங்ககிரி, நாமக்கல் லாரிகள் பஜ்ஜிக் கடையை நம்பி ஓட முடியாது. நாளுக்கு ஐந்தாறு லிட்டர் கழிக்கிற ஓட்டல் ஒன்று, காய்கறி ஏற்றுகிற ஒரு சின்ன பிக்கப்புக்குச் சோறு போடும், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பக்கத்தில் எரிபொருள் ஆசை காட்டி ஏமாற்றியது முன்பும் நடந்திருக்கிறது. 2000களில் காட்டாமணக்கு நட்டால் டீசல் காய்க்கும் என்று நட்டார்கள். கோவை, திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களில் செய்து 2010ல் வெளியான ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, தண்ணீர் இல்லாமல் கட்டுப்படியாகாது என்றது. தண்ணீர் இருக்கிற தோட்டத்தில் யார் காட்டாமணக்கு வைப்பார்கள்? கழிவெண்ணெய் அந்த விதத்தில் தேவலை. நிலமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஆனால் கழிவு என்ற பெயர் விலை வரும் வரைக்கும்தான். அமெரிக்காவில் ஓட்டல்களின் பின்பக்கத்தில் சும்மா கிடந்த எண்ணெய்க்கு விலை வந்ததும், ராத்திரியில் வந்து திருடிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அங்கேயாவது ஓட்டல்காரருக்கு நஷ்டம். பிரிட்டனின் வேல்ஸில் அரசாங்கத்துக்கு. லனெத்லி ஊரில் 2002ல் கடையில் சமையல் எண்ணெய் வாங்கி காரில் ஊற்றி ஓட்டியவர்களை எரிபொருள் வரி கட்டவில்லை என்று பிடித்தார்கள். பிரிட்டன் அரசு பிறகு 2007ல் வருடத்துக்கு 2,500 லிட்டர் வரை வரி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது.

மாமா பம்பைச் சரிசெய்துகொண்டு இப்போது டீசல் மட்டும் ஊற்றுகிறார். எண்ணெய் டின்களைச் சேகரிப்பாளருக்குக் கொடுத்துவிடுகிறார். மாதம் ஒருமுறை டெம்போ வந்து எடை போட்டு எடுத்துப்போகிறது. முதல் தடவை வந்தபோது மாமா டிரைவரிடம் கேட்டாராம், "ஏப்பா, உன்ற வண்டி எதுல ஓடுது?"

"டீசல்லதானுங்க," என்றாராம் அவர்.